வெள்ளி நதிக்கரை ஐரிஷ்காரர்கள்

அயர்லாந்தின் மத்திய பாகத்தில் வெஸ்ட்மீத், லாங்ஃபோர்டு என்னும் இரண்டு கோட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெரிய மலைகளோ கடற்கரையோ இல்லாமல், புல்லும் ஏரியும் சதுப்பும் நிறைந்து, அந்நாட்டின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் நின்று பாராமல் கடந்துபோகும் பிரதேசம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்தும், தென்கிழக்கு மூலையிலுள்ள வெக்ஸ்ஃபோர்டு கோட்டத்திலிருந்தும் சில ஆயிரம் வாலிபர்கள், தம் நாட்டார் லட்சக்கணக்கில் போய்க் குவிந்த நியூயார்க்கையும் பாஸ்டனையும் நாடாமல், பூமத்திய ரேகையைக் கடந்து, தென் அமெரிக்காவில் வெள்ளி நதி என வழங்கும் ரியோ தெ லா பிளாட்டாவின் கரையில், புவெனஸ் அயர்ஸ் பட்டணத்தில் போய் இறங்கினார்கள். ஆங்கிலம் வழங்காத ஒரு தேசத்தில் ஐரிஷ்காரர் கூட்டமாகக் குடியேறி, நிலம் சம்பாதித்து, மூன்று தலைமுறைக் காலம் தனிச் சமூகமாக வாழ்ந்ததற்கு இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம் கிடையாது. அவர்களுடைய கதையைச் சொல்லுகிறவர்கள் ஒரு குருவின் பெயரைச் சொல்லித் தொடங்கி, அவருடைய கல்லறையைக் காட்டி முடிப்பது வழக்கம். அதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. அந்தச் சமூகத்தை உண்டாக்கியது செம்மறியாடு; அதைக் கட்டிக் காத்தவர் குரு; ஆட்டின் காலம் முடிந்தபோது குரு போட்ட வேலியும் தானாகவே தளர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆட்டுக்கு முன் வந்தவர்களும் உண்டு. 1806, 1807ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் புவெனஸ் அயர்ஸைப் பிடிக்க முயன்று தோற்றபோது, அந்தப் படையிலிருந்த ஐரிஷ் சிப்பாய்கள் சிலர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். பின்னர் ஸ்பெயினின் ஆதிக்கத்தை எதிர்த்து நடந்த சுதந்தர யுத்தத்தில் ஐரிஷ்காரர் பலர் சேவகம் செய்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் மேயோ கோட்டத்து ஃபாக்ஸ்ஃபோர்டில் 1777இல் பிறந்த வில்லியம் பிரௌன். சிறு வயதிலேயே கடலுக்குப் போன அவர் 1814இல் மாண்டிவிடியோ அருகே ஸ்பானியக் கப்பற்படையை முறியடித்து, அர்ஜெண்டினக் கடற்படையின் பிதா என்று இன்றளவும் போற்றப்படுகிறார். அந்நாட்டில் அவர் பெயர் தாங்காத பட்டணம் அபூர்வம். ஆயினும் தளபதிகள் சமூகத்தை உண்டாக்குவதில்லை. அவர்களுக்குச் சிலைகள் கிடைக்கின்றன, அவ்வளவுதான்.

சமூகத்துக்கு வித்திட்டது வேறொரு காரியம். சுதந்தர வீரர் சான் மார்ட்டினிடம் மெய்க்காவல் அதிகாரியாக இருந்த ஜான் தாமண்ட் ஓபிரையன் என்பவர் 1820களின் பிற்பகுதியில் அயர்லாந்துக்குப் போய்க் குடியேறுவோரைத் திரட்ட முயன்றார். அந்த முயற்சி பெரிய அளவில் பலிக்கவில்லை. ஆனால் அவருடைய பேச்சைக் கேட்ட சிலரில் வெஸ்ட்மீத்தின் ஸ்ட்ரீம்ஸ்டவுன் ஊரைச் சேர்ந்த ஜான் மூனி என்பவர் 1828 வாக்கில் தம் சகோதரியோடும் அவர் கணவரோடும் புறப்பட்டு வந்து சேர்ந்தார். வந்தவர் ஊருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தைப் படித்துத் தம்பி வந்தான், அத்தை மகன் வந்தான், பக்கத்துப் பண்ணையின் இளைய பிள்ளை வந்தான். வெக்ஸ்ஃபோர்டிலிருந்தும் இதே கிரமத்தில் இன்னொரு சங்கிலி நீண்டது. அரசாங்கம் அழைத்தோ கம்பெனி ஏற்றியோ வராமல், கடிதத்தின் வழியாகவும் உறவின் வழியாகவும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வந்தமையால்தான், அவ்வளவு பெரிய தேசத்தில் அவ்வளவு சிறிய இரண்டு பிரதேசங்களின் ஜனங்களே பெரும்பாலும் போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கே ஒரு பொது எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். 1845 முதல் உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்தில் பத்து லட்சம் பேர் மாண்ட மகா பஞ்சந்தான் எல்லா ஐரிஷ்காரரையும் நாடு கடத்தியது என்று நினைப்பது வழக்கம். வெள்ளி நதிக்கு வந்தவர்கள் விஷயத்தில் அது பெரிதும் பொருந்தாது. அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்து நியூயார்க்குக்குப் போக ஆகும் கட்டணத்தைப்போலப் பல மடங்கு கொடுத்துத்தான் புவெனஸ் அயர்ஸுக்குப் பாய்க்கப்பலில் இடம் பிடிக்க முடியும். பிரயாணமும் மாதக் கணக்கில் நீளும். பட்டினியால் சாகக் கிடந்தவன் கையில் அந்தப் பணம் ஏது? ஆகவே வந்தவர்கள் பெரும்பாலும் ஓரளவு வசதியுள்ள குத்தகைக் குடியானவர்களின் பிள்ளைகள்: குத்தகை மூத்தவனுக்குப் போய்விடும் என்பதால் வழி தேடிய இரண்டாம், மூன்றாம் மகன்கள். மாடும் ஆடும் மேய்த்துப் பழகியவர்கள். சொந்த நிலம் என்பது பிரபுக்களுக்கு மட்டுமே உரியது என்று பிறந்தது முதல் கண்டு வந்தவர்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த பாம்பாஸ் சமவெளியோ கண்ணுக்கெட்டிய தூரம் கல்லுமில்லாமல் மரமுமில்லாமல் புல்லாகவே கிடந்தது. கல்லும் மரமும் இல்லாத இடத்தில் வேலி எதைக்கொண்டு போடுவது? அகழி வெட்டித்தான் தோட்டத்தையும் தொழுவத்தையும் கால்நடையிடமிருந்து காக்க வேண்டும். குதிரைமேல் இருந்தபடியே எல்லா வேலையும் செய்யப் பழகிய கௌச்சோ என்னும் அந்நாட்டு மாடோட்டி, மண்வெட்டியைக் கையால் தொடுவதை இழிவாகக் கருதினான். சதுப்பு நிலத்தில் கரிமண் வெட்டிக் காய்ச்சுப் போன கையோடு வந்த ஐரிஷ்காரனுக்கு அதுவே முதல் வாய்ப்பாயிற்று. வெட்டிய நீளத்துக்கு இவ்வளவு என்று கூலி. செலவழிக்கக் கடையில்லாத வெளி. ஒன்றிரண்டு வருஷம் அகழி வெட்டியவன் கையில் ஒரு சிறு மந்தை வாங்கும் முதல் சேர்ந்துவிடும். மண்வெட்டியை இழிவாக நினைக்காத ஒரே காரணத்தால் ஒரு கூட்டம் முன்னுக்கு வந்ததைப் பார்க்கும்போது, தொழிலுக்கு ஏற்றத்தாழ்வு கற்பிப்பதில் நாம் மட்டும் தனியாக இல்லை என்று தெரிகிறது.

பின்னர் ஆடு வந்தது. அதுவரை அர்ஜெண்டினாவின் செல்வமெல்லாம் மாட்டுத் தோலும் உப்புக்கண்டமுமாக இருந்தது. செம்மறியை எவரும் பொருட்படுத்தவில்லை. அயர்லாந்தின் கேவன் கோட்டத்துப் பீட்டர் ஷெரிடனும் ஜான் ஹாரட் முதலிய அவருடைய கூட்டாளிகளும் 1820களிலும் 30களிலும் உயர்ந்த மெரினோக் கிடாக்களை இறக்குமதி செய்து நாட்டு ஆட்டோடு சேர்த்து இனத்தைத் திருத்தினார்கள். ஐரோப்பாவின் நெசவாலைகள் கம்பளி வேண்டிக் கூவத் தொடங்கியபோது சமவெளியில் அதற்கான ஆடு தயாராக இருந்தது. மேய்க்க ஆள்தான் வேண்டியிருந்தது. 1860களில் அந்நாட்டு ஏற்றுமதியில் கம்பளி தோலை முந்திக்கொண்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது.

இந்த மேய்ச்சலின் ஏற்பாட்டைச் சற்று விவரமாகப் பார்ப்பது அவசியம். ஏனென்றால் சமூகத்தின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. நிலச்சுவான்தார் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ஆடு கொண்ட ஒரு மந்தையை ஓர் ஐரிஷ்காரனிடம் ஒப்படைப்பார். மேய்ப்பவன் தன் உழைப்பைப் போடுவான். வருஷ முடிவில் கம்பளியும் மந்தையின் பெருக்கமும், செலவுகளை இருவரும் பகிர்ந்த வகைக்கேற்ப, மூன்றில் ஒரு பங்காகவோ சரி பாதியாகவோ அவனைச் சேரும். இந்தப் பாதிப் பங்காளிக்கு ஸ்பானிய மொழியில் மெதியானெரோ என்று பெயர். நம் பக்கத்து வாரக் குடித்தனத்தைப் போன்ற ஏற்பாடுதான். ஆனால் நம் வாரக் குடியானவன் களத்தில் பங்கு நெல்லை அளந்து வாங்கி உண்டுவிட்டால் அடுத்த வருஷமும் அதே வாரக் குடியானவனாகவே நிற்பான். இவனுடைய பங்கோ குட்டி போடும் பங்கு. முதல் வருஷம் கிடைத்த முந்நூறு மறியை முதலாளியின் மந்தையோடு விட்டு மேய்த்தால், நாலைந்து வருஷத்தில் அது தனி மந்தையாகிவிடும். அப்போது அவன் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பான். ஊரிலிருந்து தம்பியை வரவழைத்து அவனைப் பாதிப் பங்குக்கு அமர்த்துவான். இன்னும் சில வருஷத்தில் நிலத்தையே வாங்குவான். வெஸ்ட்மீத்தில் பிரபுவின் காரியஸ்தன் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றவனுடைய மகன், ஒரே தலைமுறையில் ஒரு கோட்டப் பிரபுவுக்கு இருந்த அளவு நிலத்துக்குச் சொந்தக்காரனான அதிசயத்துக்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

அதற்குக் கொடுத்த விலையும் சொற்பமல்ல. புற்கூரை வேய்ந்த மண்குடிசை ஒன்று. கதவுக்குப் பதில் பல இடங்களில் மாட்டுத் தோல். உட்கார எலும்பு அல்லது மாட்டு மண்டையோடு. காலையும் மாலையும் ஆட்டிறைச்சி, கல்லைப்போன்ற ரொட்டி, சுரைக் குடுவையில் உறிஞ்சும் மாத்தே என்னும் கசப்பு இலைக் கஷாயம். அண்டை வீட்டுக்குப் போகக் குதிரையில் ஏற வேண்டும். தெற்கேயிருந்து பாம்ப்பேரோ என்னும் குளிர்காற்று திடீரென்று சீறி வரும்போது மந்தை முழுவதும் காற்றுக்கு முதுகு காட்டி ஓடும். மேய்ப்பவன் இரவெல்லாம் அதன் கூடவே ஓடி, விடியும்போது எங்கோ ஒரு நீரோடைக் கரையில் அதை மடக்குவான். சொறி கண்ட ஆட்டைப் பிடித்துப் போட்டுப் புகையிலைச் சாற்றைத் தேய்ப்பது அன்றாட வேலை. தட்சிண கோளமாகையால் அக்டோபரிலும் நவம்பரிலும் வசந்தம், அப்போதுதான் கத்தரிப்பு. பத்து நாள் மனித முகம் பாராமல் இருந்துவிட்டுப் பலசரக்கும் சாராயமும் விற்கும் வழிக்கடைக்கு வந்து சேருகிறவன் என்ன செய்வான் என்பதை ஊகிக்கலாம். தனிமையும் சாராயமும் பலரைத் தின்றுவிட்டன என்பதை அந்தச் சமூகத்தின் சரித்திரக்காரர்களே மறைக்கவில்லை.

இந்தச் சிதறிய மேய்ப்பர்களுக்கு மேய்ப்பராக 1844இல் வந்தவர்தான் நான் முன்னே சொன்ன குரு. அந்தோணி ஃபாஹி கால்வே கோட்டத்து லாக்ரேயில் 1805இல் பிறந்தவர். தோமினிக் சபைத் துறவி. ரோமாபுரியில் படித்து, வட அமெரிக்காவிலும் சில காலம் ஊழியம் செய்தவர். இருபத்தேழு வருஷம் அவர் அந்தச் சமூகத்துக்குப் பாதிரியாராக மட்டும் இருக்கவில்லை; தபாலாபீஸ், பாங்கு, வக்கீல், கலியாணத் தரகர், வேலை பிடித்துக் கொடுப்பவர் எல்லாம் அவரே. கப்பலிலிருந்து இறங்குகிறவனை எந்தப் பண்ணைக்கு அனுப்புவது, கையிற் பணம் சேர்ந்தவன் எந்த நிலத்தை வாங்குவது, எந்த மேய்ப்பனுக்கு எந்தப் பெண் பொருத்தம் என்றெல்லாம் அவர் தீர்மானிப்பார். மேய்ப்பர்கள் தம் சேமிப்பை அவர் கையில் கொடுத்துவைப்பார்கள். அந்தப் பணத்தை அவர் தம் நண்பரும் பெரிய வியாபாரியுமான தாமஸ் ஆர்ம்ஸ்டிராங் மூலம் பெருக்கினார். ஆர்ம்ஸ்டிராங்கும் ஐரிஷ்காரரே, ஆனால் புராட்டஸ்டன்டு. தோமினிக் துறவியான ஃபாஹி பல வருஷம் வாசம் செய்ததும் அந்தப் புராட்டஸ்டன்டு வீட்டில்தான். தாய்நாட்டில் ஒரே தெருவில் நடக்கக்கூட மனமில்லாத இரு மதத்தாரும் கடல் கடந்த பின் ஒரே மேஜையில் சாப்பிட்டதைக் கண்டு ஆச்சரியப்படுகிறவர்கள், வெளியூரில் நம்மவர்கள் எப்படி நடந்துகொள்ளுகிறார்கள் என்பதைக் கவனித்ததில்லை போலும்.

ஃபாஹி ஒருவரால் மட்டும் முந்நூறு மைல் விஸ்தீரணத்தைச் சுற்றிவர முடியாது. டப்ளின் நகரத்தில் வெளிநாட்டு ஊழியத்துக்கென்றே குருமாரைத் தயாரித்துவந்த ஆல் ஹாலோஸ் கல்லூரியில் தம் செலவில் மாணவர்களைப் படிக்க வைத்து வரவழைத்தார். சமவெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்றை ஒப்படைத்தார். நோயாளிகளுக்காக ஓர் ஐரிஷ் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். 1856இல் மதர் எவாஞ்சலிஸ்டா ஃபிட்ஸ்பாட்ரிக் தலைமையில் இரக்கத்தின் கன்னியர் சபையினர் டப்ளினிலிருந்து வந்து, பெண் குழந்தைகளுக்குப் பள்ளியும், கப்பலில் தனியாக வந்து இறங்கும் இளம்பெண்களுக்குத் தங்குமிடமும் நடத்தினார்கள். அதற்குப் பதினான்கு வருஷம் முன்பு, 1842இல், நம் சென்னைப் பட்டணத்தில் பிரசென்டேஷன் கன்னியர் வந்து பள்ளி தொடங்கியதும் இதே ஐரிஷ் அலையின் ஒரு வீச்சே ஆகும்.

ஃபாஹியின் ஏற்பாட்டில் ஒரு பிடிவாதம் இருந்தது: ஐரிஷ்காரன் ஐரிஷ்காரியையே மணக்க வேண்டும், ஐரிஷ் குருவிடமே பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும். சுற்றிலும் இருந்தவர்களும் கத்தோலிக்கரே அல்லவா, பின் ஏன் இந்த வேலி என்று கேட்கலாம். சமவெளியின் சுதேசிகளுடைய பக்தி ஃபாஹிக்குத் திருப்தியளிக்கவில்லை. அவர்களோடு கலந்தால் தம் ஆடுகள் தொழுவத்தை மறந்துவிடும் என்று அஞ்சினார். அதன் விளைவு விசித்திரமானது. தாய்நாட்டில் ஐரிஷ் மொழியை அழித்த ஆங்கிலமே, இங்கே ஐரிஷ்தன்மையைக் காக்கும் வேலியாக நின்றது. அக்கம்பக்கத்து ஸ்பானியரோ ஆங்கிலம் பேசுகிறவர்கள் எல்லாரையும் ஆங்கிலேயர் என்றே அழைத்தார்கள். குடிக்கணக்கிலும் பெரும்பாலும் அப்படியே எழுதினார்கள். சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகளாகையால், வெளியுறவு நெருக்கடிகளிலும் உள்நாட்டுக் கலகங்களிலும் அந்தப் பெயர் அவர்களுக்குக் கவசமாகவும் இருந்தது. உள்நாட்டு ஆண்மக்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனபோது அந்நியப் பிரஜையான ஐரிஷ்காரன் தன் ஆட்டோடு நிம்மதியாக இருந்தான். ஆங்கிலேயனை வெறுத்து வந்தவன் ஆங்கிலேயன் என்ற பெயராலேயே பிழைத்தான்.

1871இல் புவெனஸ் அயர்ஸில் மஞ்சட்காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, நோயாளிகளைப் பார்த்துவந்த ஃபாஹி பிப்ரவரி மாதத்தில் காலமானார். இத்தனை பேருடைய செல்வம் கைவழியாகப் போய்வந்தும் தமக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் அவர் இறந்ததைப் பகைவரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் போன பிறகு அவர் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. 1875இல் பட்டணத்தில் குருமாருக்கு எதிராக எழுந்த ஜனக்கூட்டம் யேசு சபையாரின் கல்லூரிக்குத் தீ வைத்தது. பகைமையைத் தாங்கமாட்டாமல் இரக்கத்தின் கன்னியர்கள் 1880இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் பத்து வருஷம் கழித்தே திரும்பினார்கள்.

ஆயினும் 1870களும் 80களும் செல்வத்தின் உச்சி. அதற்கு முன் 1860களின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் கம்பளிக்குச் சுங்கம் உயர்த்தியபோது விலை சரிந்து, ஆட்டைக் கொதிகலத்தில் போட்டுக் கொழுப்பாக உருக்கி விற்கும்படி நேர்ந்ததுண்டு. பிழைத்தவர்கள் அந்தச் சமயத்தில் நிலத்தை மலிவாக வாங்கிக்கொண்டார்கள். மெர்ஸெதெஸ், சான் அந்தோனியோ தெ அரெக்கோ, கார்மன் தெ அரெக்கோ, சால்ட்டோ, சுயிபாச்சா என்று புவெனஸ் அயர்ஸுக்கு வடக்கிலும் மேற்கிலும் ஐரிஷ் பண்ணைகள் தொடர்ந்து கிடந்தன. மல்ஹால் சகோதரர் 1861 முதல் நடத்திய ‘ஸ்டாண்டர்டு’ பத்திரிகை ஆங்கில வியாபாரிக்கும் ஐரிஷ் பண்ணைக்காரனுக்கும் பொதுவாக இருந்தது. அது ஆங்கிலேயர் பக்கம் சாய்கிறது என்று குறைப்பட்டவர்களுக்காக ஆல் ஹாலோஸ் மாணவரான பாட்ரிக் டில்லன் குரு 1875இல் ‘சதர்ன் கிராஸ்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்.

அக்காலத்து மனோபாவத்துக்கு எத்வார்தோ கேசியைவிட நல்ல உதாரணம் இல்லை. வெஸ்ட்மீத்திலிருந்து வந்தவரின் மகனாக 1847இல் லோபோஸ் ஊரில் பிறந்த அவர், நூறு மைல் புல்வெளியை ஒரே கையொப்பத்தில் வாங்கும் துணிவுள்ளவர். சாந்தா ஃபே மாகாணத்தில் 1884இல் வெனாதோ துவெர்த்தோ என்னும் பட்டணத்தை ஸ்தாபித்து ஐரிஷ்காரரைக் குடியேற்றினார். அதே காலத்தில் தெற்கே தம் பூமியில் பிகுயே என்னும் இடத்தில் பிரெஞ்சுக் குடியானவர்களுக்கும் இடம் கொடுத்தார். குதிரைப் பந்தயம், மார்க்கெட் கட்டடம், பங்கு வியாபாரம் எதையும் விட்டுவைக்கவில்லை. 1890இல் லண்டன் பேரிங் பாங்கு தள்ளாடி அர்ஜெண்டினாவின் கடன்கோபுரம் சரிந்தபோது அவரும் சரிந்தார். 1906இல் ரயிலில் அடிபட்டு இறந்தார்.

இந்த நிலமெல்லாம் யாருடையது என்ற கேள்வியை ஐரிஷ் சரித்திரக்காரர்கள் மெல்லத் தாண்டிப் போவார்கள். தெற்கிலும் மேற்கிலும் இருந்த புல்வெளி நெடுங்காலமாகச் செவ்விந்தியக் குலங்கள் குதிரையேறித் திரிந்த பூமி. ஜெனரல் ரோக்கா 1879இல் படையோடு போய் அவர்களைக் கொன்றும் சிறைபிடித்தும் துரத்தியும் அந்தப் பூமியை வெறுமையாக்கினார். அதன் பிறகே அது பத்திரங்களாகவும் பங்குகளாகவும் கைமாறியது. ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல் காலத்தில் தம் முன்னோரை இப்படித்தான் துரத்தினார்கள் என்று பிள்ளைகளுக்குக் கண்ணீரோடு சொல்லிக்கொடுத்த சமூகம், தான் வாங்கிய பத்திரத்தின் மைக்கு அடியில் இருந்ததை விசாரிக்கவில்லை. நிலத்துக்கு ஏங்கியவனுக்கு நிலம் கிடைக்கும்போது விசாரணை செய்வது மனுஷ சுபாவமல்ல என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம், நான் சொல்லமாட்டேன்.

செல்வத்தின் உச்சியிலேயே சரிவும் தொடங்கிற்று. கம்பி வேலி வந்தது; அகழி வெட்டுகிறவனுக்கு வேலை போயிற்று. மேய்ச்சல் நிலத்தைக் கோதுமையும், குளிரூட்டிய கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் மாட்டிறைச்சியும் பிடித்துக்கொள்ள, ஆடு தெற்கே பட்டகோனியாவுக்குத் தள்ளப்பட்டது. கோதுமையை விதைக்க இத்தாலியர் லட்சக்கணக்கில் வந்தார்கள். பாதிப் பங்குக்கு மந்தை கொடுப்பாரில்லை. நிலத்தின் விலையோ எட்டாத உயரத்தில் நின்றது. ஏழையாக வந்தவன் பண்ணைக்காரனாகும் படிக்கட்டு அப்படியே உடைந்துபோயிற்று.

உடைந்தது தெரியாமல் வந்தவர்களின் கதைதான் ‘டிரெஸ்டன்’ கப்பலின் கதை. ஐரோப்பாவிலிருந்து ஆட்களை இலவசச் சீட்டில் ஏற்றிவர அர்ஜெண்டின அரசாங்கம் ஏஜெண்டுகளை அமர்த்தியிருந்தது. அயர்லாந்தில் அந்த வேலையைச் செய்தவர் இருவர். ஒருவர் டில்லன் குருவின் சகோதரர். வீடும் நிலமும் விதையும் கிடைக்கும் என்ற அவர்கள் பேச்சை நம்பி, டப்ளின், கார்க், லிமெரிக் பட்டணங்களின் ஏழைகள் ஏறத்தாழ 1,800 பேர் ‘சிட்டி ஆஃப் டிரெஸ்டன்’ என்னும் நீராவிக் கப்பலில் நெருக்கியடித்து ஏறி 1889 பிப்ரவரியில் புவெனஸ் அயர்ஸில் இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் அவர்களை ஏற்க ஏற்பாடு ஒன்றுமில்லை. குடியேறுவோர் சத்திரம் ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. கோடையின் உக்கிரத்தில் நீரும் உணவுமின்றிக் குழந்தைகள் தாய்மார் மடியிலேயே இறந்தன. ஒரு பகுதியாரை பாஹியா பிளாங்கா அருகே நபோஸ்தா என்னும் இடத்தில் குடியேற்றினார்கள். வாக்களித்த வீடு இல்லை, கலப்பை இல்லை, மரத்தடியும் பள்ளமுமே வாசஸ்தலம். இரண்டு வருஷம் போராடிப் பார்த்து 1891இல் அந்தக் குடியேற்றம் கலைந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அங்கே மாண்டுபோனார்கள். எஞ்சியவர்களில் ஐந்நூறு பேருக்குமேல் நானூறு மைல் நடந்து புவெனஸ் அயர்ஸ் திரும்பினார்கள்.

காஷல் நகரப் பேராயர் கிரோக் அர்ஜெண்டினாவுக்கு எவரும் போகவேண்டாமென்று பத்திரிகையில் பகிரங்கமாக எச்சரித்தார். அதோடு ஓட்டம் நின்றது. செல்வம் படைத்த பழைய ஐரிஷ் குடும்பங்களில் சிலர் அந்த ஏழைகளுக்கு உதவினார்கள், பலர் உதவவில்லை. உறவின் வழியாக வந்தவர்களுக்குக் கதவு திறந்த சமூகம், உறவில்லாமல் வந்தவர்களிடம் அந்நியமாகவே நடந்துகொண்டது. ஃபாஹி குரு உயிரோடிருந்தால் இப்படி நடந்திராது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பங்குக்குக் கொடுக்க ஆடு இருந்தால் நடந்திராது என்பது என் எண்ணம்.

புதியவர் வரவு நின்ற பிறகு தேசாபிமானம் மட்டும் உரத்துப் பேசலாயிற்று. இதில் வியப்பில்லை, வேர் அறும்போதுதான் வேரின் நினைவு வரும். ஆஃபலி கோட்டத்திலிருந்து வாலிபனாக வந்து சமவெளியில் மந்தை மேய்த்து, பிறகு ‘சதர்ன் கிராஸ்’ ஆசிரியரும் சொந்தக்காரருமான வில்லியம் புல்ஃபின், சே புவோனோ என்ற புனைபெயரில் எழுதிய சமவெளிக் கதைகளை 1900இல் புத்தகமாக வெளியிட்டார். தாய்நாட்டைச் சைக்கிளில் சுற்றிப் பார்த்து எழுதிய பிரயாண நூல் அயர்லாந்திலேயே மிகப் பிரசித்தமாயிற்று. ஆங்கிலேயர் என்று எங்களை அழைக்காதே என்று அவர் வாரந்தோறும் முழங்கினார், முழங்கியது ஆங்கிலத்தில். ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கைப் புவெனஸ் அயர்ஸில் ஏற்பாடாக ஆடவைத்ததும் அவரே. அதற்கான மட்டையை அயர்லாந்தின் ஆஷ் மரத்தில்தான் செதுக்க வேண்டும். முதல் உலக யுத்தத்தில் மட்டை வருவது நின்றபோது ஆட்டமும் தேய்ந்தது. ஹர்லிங் பெயரைத் தாங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது. அதில் ஆடுவது ரக்பியும் ஹாக்கியும்.

அவருடைய மகன் ஏமன், 1892இல் புவெனஸ் அயர்ஸில் பிறந்து, டப்ளினில் பாட்ரிக் பியர்ஸின் பள்ளியில் படித்தவர். 1916இல் ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிராக அங்கே நடந்த ஈஸ்டர் எழுச்சியின்போது தலைமைத் தபாலாபீஸின் உச்சியில் ‘ஐரிஷ் குடியரசு’ என்று எழுதிய பச்சைக் கொடியை ஏற்றியவர் அவரே. மரண தண்டனை விதிக்கப்பட்டு, அர்ஜெண்டினப் பிரஜை என்ற காரணத்தால் பிழைத்து, 1919இல் பிறந்த ஊருக்கே நாடுகடத்தப்பட்டார். அங்கே இறங்கியதும், கட்டாய ராணுவச் சேவை செய்யவில்லை என்று அர்ஜெண்டின அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள்! ஐரிஷ் சுதந்தரத்துக்காகச் சாகத் துணிந்தவரை அர்ஜெண்டினா தன் பிள்ளையென்று உரிமை கொண்டாடிய இந்த வேடிக்கையில் அந்தச் சமூகத்தின் நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பிள்ளையென்று தேசம் உரிமை கொண்டாடியபடியே பிள்ளைகளும் ஆனார்கள். 1944 முதல் 1946 வரை ஜனாதிபதியாக இருந்த எதெல்மீரோ ஃபாரல் லாங்ஃபோர்டு வம்சத்தவர். இத்தாலியர் வீட்டிலும் ஸ்பானியர் வீட்டிலும் பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள். நொடித்துப்போன ஐரிஷ் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, ஃபாஹியின் பெயராலேயே மொரேனோ ஊரில் நடந்த விடுதிப் பள்ளியில் 1930களின் பிற்பகுதியில் படித்த ஒரு சிறுவன் பின்னாளில் அந்தப் பள்ளியின் பசியையும் அடிதடியையும் வைத்து மூன்று சிறுகதைகள் எழுதினான். ரொடோல்ஃபோ வால்ஷ் என்னும் அந்த எழுத்தாளருடைய கதைகளை ஒருவர் படித்தால், ஃபாஹியின் சமூகம் கடைசியில் ஏழைகளிடம் எவ்வளவு கடுமையாக ஆயிற்று என்பதும், அதன் வாழ்வுக்கு இலக்கிய வடிவம் ஸ்பானிய மொழியில்தான் வாய்த்தது என்பதும் விளங்கும். 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில மாதத்தில், ஜூலை 4ஆம் தேதி, தலைநகரில் ஐரிஷ் பல்லோத்தீன் சபையார் நடத்திய செயிண்ட் பாட்ரிக் கோயிலில் ஆல்ஃப்ரெதோ கெல்லி, ஆல்ஃப்ரெதோ லீடன் உள்ளிட்ட மூன்று குருமாரும் இரண்டு குருமாணவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு வருஷம் மார்ச்சில் ராணுவ அரசுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்த வால்ஷும் அன்றே சுடப்பட்டார், உடல் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் பிரஜை என்ற கவசம் அவர்கள் ஒருவருக்கும் இல்லை; கெல்லியும் லீடனும் வால்ஷும் அர்ஜெண்டினர்.

இந்தச் சமூகத்தின் முதல் சரித்திரத்தைத் தாமஸ் மர்ரே 1919இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் அச்சிட்டார். அதில் கோபமும் கிண்டலும் நிறைய உண்டு, படிக்கச் சுவையானது. எத்வார்தோ கோக்லன் 1987இல் புவெனஸ் அயர்ஸில் வெளியிட்ட பெருநூல் ஸ்பானிய மொழியில் குடும்பம் குடும்பமாக வம்சாவளியைத் தொகுத்தது. சுவை குறைவு, பயன் அதிகம். 2001இல் அர்ஜெண்டினாவின் பொருளாதாரம் மீண்டும் நொறுங்கியபோது இளைஞர்கள் பலர் ஐரோப்பியப் பாஸ்போர்ட் தேடி முன்னோரின் ஞானஸ்நானச் சான்றுகளைத் துருவினார்கள். இத்தாலியரின் பேரர்களுக்கு அது சுலபமாயிற்று. அயர்லாந்தின் சட்டமோ பாட்டனோ பாட்டியோ அத்தீவில் பிறந்திருக்க வேண்டும் என்கிறது. ஃபாஹியின் காலத்தில் வந்தவர்கள் பாட்டனுக்கும் பாட்டன். ஆகையால் வெஸ்ட்மீத்துப் பெயரும் செம்பட்டை மயிரும் உள்ள பலருடைய மனுக்கள் ஏற்கப்படவில்லை.